ஒட்டாத கோடு: குடிநீர்க் குழாய் வரைபடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மோட்டார் அறையின் உட்சுவரில், லேமினேட் செய்து ஒட்டியிருந்த ஏ3 தாளில், மேலத்தெருவிலிருந்து மேலே ஏறி வந்த குழாய்க்கோடு வால்வு 7-க்கும் வால்வு 8-க்கும் நடுவே நின்றுபோயிருந்தது. இரண்டையும் தொடவில்லை. எட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வால்வுகளைப் பல வருடமாகத் திறந்து மூடுகிற ஆபரேட்டர் அண்ணனுக்குத் தாளே தேவையில்லை. அவர் வீட்டு விசேஷத்துக்காக மூன்று நாள் விடுப்பில் போனபோது வந்த மாற்று ஆளுக்குத்தான் தேவைப்பட்டது. மேலத்தெருவில் குழாய் உடைந்துவிட்டது, வால்வை மூடு என்று போன் வந்தது. அவர் தாளைப் பார்த்தார். கோடு எட்டைக் காட்டுவதாக நினைத்து எட்டை மூடினார். எட்டு கீழத்தெருவுக்குப் போகிற வால்வு. மறுநாள் காலையில் தண்ணீர் திறந்தபோது கீழத்தெருவுக்குச் சொட்டுக்கூடப் போகவில்லை. மேலத்தெருவில் உடைந்த இடத்திலிருந்து தண்ணீர் ரோட்டில் ஓடியது.

மாற்று ஆளைத் திட்டினார்கள். அவர்மேல் தப்பில்லை என்று நான் இன்றும் சொல்வேன். தாளை நம்பாமல் வேறு எதை நம்புவார்? அந்தத் தாளைச் சரிசெய்து தரும் வேலை பிறகு என்னிடம் வந்தது. நான் செய்ததையும், செய்யும்போது எங்கெங்கே இடறினேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன். லிப்ரே ஆஃபிஸ் டிரா என்ற படம் வரையும் மென்பொருளில் செய்த வேலை. விசியோவோ டிரா.ஐஓவோ இங்க்ஸ்கேப்போ வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

கோப்பைத் திறந்தபோது

திட்டம் சின்னதுதான். இரண்டு போர்வெல், ஒரு தரைமட்டத் தொட்டி (ஊரில் சம்ப் என்றுதான் சொல்வோம்), இரண்டு மோட்டார், 60,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று, பதினோரு கேட் வால்வு, ஆறு தெரு. ஆனால் கோப்பைத் திறந்து கன்ட்ரோல்–ஏ அடித்தால் 160-க்கு மேல் உருவங்கள் தேர்வாயின. இவ்வளவு சின்னப் படத்துக்கு இத்தனை எதற்கு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.

வால்வு 7-ஐப் பிடித்து ஒரு அங்குலம் வலப்பக்கம் இழுத்தேன். வால்வுக்கான குறி, மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும் இரண்டு முக்கோணம். என் இழுப்புக்கு வந்தது ஒரு முக்கோணம் மட்டும். மற்றது இருந்த இடத்திலேயே இருந்தது. ‘வால்வு 7’ என்ற எழுத்தும் வரவில்லை, அது தனி எழுத்துப்பெட்டி. மறுபக்கத்திலிருந்து அதில் வந்து முட்டியிருந்த குழாய்க்கோடும் வரவில்லை, அது வெறும் கோடு. ஒரு வால்வு என்று கண்ணுக்குத் தெரிந்தது, கோப்புக்குள்ளே நான்கைந்து உதிரிகள். அவை ஒன்றையொன்று சேர்ந்தவை என்று மென்பொருளுக்கு யாரும் சொல்லவே இல்லை.

அந்தக் கோடு நடுவில் நின்ற கதையும் இதில் விளங்கிவிட்டது. முதலில் வரைந்தவர் கண்ணால் பார்த்து, பெரிதாக்கி வைத்துக்கொண்டு, கோட்டின் முனையை வால்வின் விளிம்பில் சரியாகத்தான் நிறுத்தியிருக்கிறார். மற்ற இடங்களில் அவருடைய நேர்த்தி தெரிகிறது. பிறகு எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறார்கள். இடம் போதாமல் வால்வு வரிசையை நகர்த்தியிருக்கிறார். வால்வுகள் நகர்ந்தன, கோடுகள் நகரவில்லை. பத்துக் கோட்டைக் கையால் இழுத்துச் சரிசெய்தவர் பதினோராவதை விட்டுவிட்டார். இந்த வேலையில் கவனக்குறைவு என்று யாரையும் சொல்ல எனக்கு மனம் வராது. கண்ணை மட்டும் நம்பி ஒட்டிய கோடு, இன்றைக்கு இல்லாவிட்டாலும் அடுத்த திருத்தத்தில் விலகத்தான் செய்யும்.

இந்தச் சிக்கல் கணினி வரைகலை பிறந்த நாளிலேயே தெரிந்திருந்தது. ஐவன் சதர்லேண்ட் 1963-இல் எம்ஐடியில் தம் முனைவர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை உருவாக்கினார். லிங்கன் ஆய்வகத்தின் டிஎக்ஸ்–2 கணினித் திரையில் ஒளிப்பேனாவால் வரைவது அது. இந்தக் கோடும் அந்தக் கோடும் இணையாக இருக்க வேண்டும், இந்த முனை அந்தப் புள்ளியில் இருக்க வேண்டும் என்று உறவுகளை அதில் சொல்லிவைக்கலாம். ஒன்றை நகர்த்தினால் மற்றவை அந்த உறவுக்கு ஏற்பத் தம்மைச் சரிசெய்துகொள்ளும். மூலப்படம் ஒன்றை வரைந்துவிட்டு அதன் பிரதிகளைப் பல இடங்களில் வைத்தால், மூலத்தைத் திருத்தும்போது எல்லாப் பிரதிகளும் திருந்தும். அறுபது ஆண்டுக்கு முன்பே கிடைத்த வசதி. நாமோ இன்னும் கோட்டைக் கையால் இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

தெருவின் வளைவு வேண்டாம்

பழைய படம் தெருக்களின் வளைவு நெளிவை அப்படியே காட்ட முயன்றிருந்தது. அதை முதலில் விட்டேன். வால்வைத் திருப்பப் போகிறவருக்குத் தெரு எந்தக் கோணத்தில் வளைகிறது என்பது தேவையில்லை. எதற்குப் பிறகு எது, எங்கே கிளை பிரிகிறது என்பதுதான் தேவை. லண்டன் பாதாள ரயிலுக்கு ஹாரி பெக் 1931-இல் வரைந்து 1933-இல் அச்சான படம் இதைத்தான் செய்தது. மின்சுற்றுப் படம் வரைந்து பழகிய கை அவருடையது. படுக்கை, செங்குத்து, 45 பாகைச் சாய்வு ஆகிய மூன்று திசைகளுக்குள் எல்லாப் பாதையையும் அடக்கினார். எனக்குச் சாய்வுகூடத் தேவைப்படவில்லை, படுக்கையும் செங்குத்துமே போதும்.

இருந்தாலும் தெருக்களின் வரிசை தப்பிவிடக் கூடாது என்று ஸ்கேன் செய்த தெருப்படத்தை அடியில் வைத்துக்கொண்டேன். அதற்கென்று தனி லேயர், அதாவது தனி அடுக்கு. இங்கே ஒருமுறை இடறினேன். தனி லேயரில் வைத்தால் அது தானாகப் பின்னால் போய்விடும் என்று நினைத்தேன். இங்க்ஸ்கேப்பில் அப்படித்தான், அடி லேயரில் இருப்பது அடியிலேயே இருக்கும். டிராவில் லேயருக்கும் எது முன்னால், எது பின்னால் என்பதற்கும் சம்பந்தமில்லை. பிறகு வந்த படம் முன்னால் வந்து வரைந்ததையெல்லாம் மறைத்துவிட்டது. கன்ட்ரோல்–ஷிப்ட்–மைனஸ் அடித்துக் கடைசிக்கு அனுப்பி, பிறகு லேயரைப் பூட்டினேன். பூட்டாமல் விட்டிருந்தால் ஒவ்வொரு தேர்விலும் அந்தப் படமும் கூடவே மாட்டியிருக்கும். அச்சிடும்போது வராதபடியும் அந்த லேயருக்குச் சொல்லிவைக்க முடிகிறது.

ஒரு வால்வை மட்டும் முதலில்

பதினோரு வால்வுக்கு முன்னால் ஒரே ஒரு வால்வில் அரை மணி நேரம் செலவழித்தேன். இந்த அரை மணிதான் மொத்த வேலையையும் காப்பாற்றியது.

இரண்டு முக்கோணத்தையும் குரூப் செய்வதா, கம்பைன் செய்வதா என்பது முதல் கேள்வி. குரூப் என்றால் இரண்டும் தனித்தனியாகவே இருந்து ஒன்றாக நகரும். எஃப்3 அழுத்தி உள்ளே போய் ஒன்றை மட்டும் திருத்தலாம். கம்பைன் என்றால் இரண்டும் கலந்து ஒரே உருவமாகிவிடும், பின்னால் இருந்ததன் நிறமும் கோட்டுத்தடிமனும் நிலைக்கும். வால்வுக்கு நான் கம்பைனை எடுத்தேன். காரணம் ஒட்டுப்புள்ளிகள், அதாவது கோட்டின் முனை வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள். டிராவில் இப்படி வரைந்த ஒவ்வொரு உருவத்துக்கும் மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு ஒட்டுப்புள்ளிகள் தாமாகவே இருக்கும். கம்பைன் செய்த வால்வில் இடப்புள்ளி இடப்பக்க முக்கோணத்தின் அடிக்கோட்டு நடுவிலும், வலப்புள்ளி வலப்பக்க அடிக்கோட்டு நடுவிலும் விழுந்தன. குழாய் வந்து சேர வேண்டிய இடமும் அதுதான். மேல்புள்ளியும் கீழ்ப்புள்ளியும் இடுப்புக்கு மேலேயும் கீழேயும் வெற்றிடத்தில் நிற்கும், அங்கே எதையும் ஒட்டக் கூடாது. குழாய் செங்குத்தாக இறங்கும் இடங்களில் வால்வையே 90 பாகை திருப்பிவிட்டேன். ஒட்டுப்புள்ளிகளும் கூடவே திரும்பி, குழாய் வரும் பக்கத்துக்கு வந்தன.

அடுத்தது பெயர். தனி எழுத்துப்பெட்டி வைக்கவில்லை. வால்வை இரட்டைக் கிளிக் செய்து அதன்மேலேயே தட்டினேன். எழுத்து அந்த உருவத்தின் பகுதியாகிவிடுகிறது, உருவம் போகுமிடமெல்லாம் கூடவே போகிறது. முக்கோணங்களின்மேல் எழுத்து விழுந்தால் படிக்க முடியாது. அதனால் எழுத்துப் பண்புகளில், எழுத்து எங்கே நிற்பது என்று சொல்லும் நங்கூரத்தை மேலே வைத்து, மேல் இடைவெளியைக் கூட்டி, எழுத்தை வால்வுக்குக் கீழே இறக்கினேன்.

எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே ஷிப்ட்–எஃப்3. எத்தனை பிரதி, ஒன்றுக்கொன்று எத்தனை தூரம் என்று கேட்கும். பத்துப் பிரதி, 30 மி.மீ. தள்ளி. எண்களை மட்டும் மாற்றித் தட்டினால் பதினோரு வால்வும் தயார். டிராவில் எனக்கு உண்மையாகவே குறையாகத் தெரிவது இந்த இடம்தான். பிரதி எடுத்த பிறகு மூலத்துக்கும் அதற்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. முக்கோணத்தின் வடிவத்தை மாற்ற நினைத்தால் பதினொன்றையும் தொட வேண்டும். இங்க்ஸ்கேப்பில் ஆல்ட்–டி அடித்து எடுக்கும் குளோன் மூலத்தோடு ஒட்டியே இருக்கும். டிராவில் நிறம், கோடு, எழுத்து ஆகியவற்றை மட்டும் ஸ்டைல் (பெயரிட்டுச் சேமித்த தோற்ற அமைப்பு) மூலம் ஒரே இடத்திலிருந்து ஆளலாம். அதனால்தான் பிரதி எடுக்கும் முன் வடிவத்தை முடித்துவிட வேண்டும் என்கிறேன்.

கோட்டுக்குப் பதில் கனெக்டர்

குழாய்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கனெக்டராக மறுபடி போட்டேன். கனெக்டர் என்பது முனைகளில் உருவங்களோடு ஒட்டிக்கொண்டு, அவை நகர்ந்தால் கூடவே நகரும் கோடு. கனெக்டர் கருவியை எடுத்து ஓர் உருவத்தின்மேல் கொண்டுபோனால் ஒட்டுப்புள்ளிகள் தெரியும். புள்ளியின்மேல் விட்டால் முனை அந்தப் புள்ளியோடு நிலையாக ஒட்டிக்கொள்ளும். புள்ளியில் விடாமல் உருவத்தின் நடுவில் விட்டால், எந்தப் பக்கம் ஒட்டுவது என்று மென்பொருளே தேர்ந்துகொள்ளும், உருவத்தை நகர்த்தும்போது பக்கத்தையும் மாற்றிக்கொள்ளும். அலுவலகப் படிநிலைப் படம் போன்றவற்றுக்கு அது வசதி. குழாய்ப் படத்துக்கு ஆபத்து. தொட்டிக்குத் தண்ணீர் மேலிருந்து வரும், கீழிருந்து போகும். மென்பொருள் தன் வசதிக்கு உள்வரும் குழாயைக் கீழே கொண்டுபோய் ஒட்டினால் படம் பொய்யாகிவிடும். ஒவ்வொரு முனையையும் பார்த்துப் பார்த்துப் புள்ளியில் விட்டேன். மேல்நிலைத் தொட்டிக்கு நான்கு புள்ளி போதவில்லை. ஏறும் குழாய், இறங்கும் குழாய், நிரம்பி வழியும் குழாய், கழுவி விடும் குழாய் என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும். ஒட்டுப்புள்ளிக் கருவியை எடுத்து எனக்கு வேண்டிய இடங்களில் புதிதாகச் சேர்த்துக்கொண்டேன்.

கிளை பிரியும் இடத்தில் 2 மி.மீ. கறுப்பு வட்டம் ஒன்றை வைத்து, மூன்று கனெக்டர்களையும் அதிலேயே ஒட்டினேன். கறுப்புப் புள்ளி இருந்தால் இணைப்பு, இல்லாமல் கோடுகள் குறுக்கிட்டால் இணைப்பு இல்லை. மின்சுற்றுப் படம் பார்த்தவர்களுக்குப் பழகிய வழக்கம் இது. படத்தின் ஓரத்தில் அதை ஒரு வரியில் எழுதியும் வைத்தேன்.

இடைவெளியில் ஒரு பாடம்

வரிசைப்படுத்தும் கருவிகளில் அலைன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல உருவங்களைத் தேர்ந்தெடுத்து மேல் விளிம்பைச் சேர்க்கச் சொன்னால், எது எல்லாவற்றிலும் மேலே இருக்கிறதோ அதன் மட்டத்துக்கு மற்றவை போகும். விசியோவில் முதலில் தேர்ந்தெடுத்த உருவம்தான் அளவுகோல், அங்கிருந்து வருகிறவர்கள் இதில் தடுமாறுவார்கள். டிராவில் ஒரே ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுத்து அலைன் செய்தால் அது பக்கத்தின் ஓரத்துக்குப் போய்விடும்.

உருவங்களைச் சீராகப் பகிர்ந்து வைக்கும் டிஸ்ட்ரிபியூட்தான் என்னை வெகுநேரம் பிடித்துவைத்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உருவங்கள் வேண்டும். இரண்டு ஓரத்திலும் இருப்பவை அசையாது, நடுவில் இருப்பவை மட்டும் நகரும். நகர்வதில் எனக்குத் தேவைப்பட்டவை இரண்டு வகை: மையங்களைச் சமதூரத்தில் வைப்பது, இடைவெளிகளைச் சமமாக்குவது. பெட்டிகள் ஒரே அகலமாக இருந்தால் இரண்டும் ஒன்றே. அகலம் வேறுபட்டால் விளைவு முற்றிலும் வேறு.

என் படத்தில் ஒரு வரிசை இப்படி: ‘சம்ப்’ 20 மி.மீ., ‘மோட்டார் அறை’ 70 மி.மீ., ‘மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி’ 80 மி.மீ. முதல் பெட்டியின் இடவிளிம்பிலிருந்து கடைசிப் பெட்டியின் வலவிளிம்பு வரை 220 மி.மீ. முதலில் மையக் கணக்கில் பகிர்ந்தேன். சம்பின் மையம் 10-இல், தொட்டியின் மையம் 180-இல், ஆகவே மோட்டார் அறையின் மையம் 95-க்குப் போனது. சம்புக்கும் மோட்டார் அறைக்கும் நடுவே 40 மி.மீ., மோட்டார் அறைக்கும் தொட்டிக்கும் நடுவே 10 மி.மீ. அந்தப் பத்து மி.மீ.க்குள்தான் ஒரு வால்வை நுழைக்க வேண்டும், அதன் பெயரையும் எழுத வேண்டும்! கணக்கு சரி, கண்ணுக்குக் கோணல். இடைவெளிக் கணக்கில் மாற்றியதும் இரண்டு பக்கமும் 25 மி.மீ. ஆனது. குழாய்ப் படத்தில் பெட்டிகளைவிட அவற்றுக்கு நடுவிலுள்ள இடம் முக்கியம். வால்வு இருப்பது அங்கேதான்.

இதில் இன்னொரு கவனம். பெட்டிகளைச் சுற்றிச் சுட்டியால் வளைத்துத் தேர்ந்தெடுத்தால் நடுவிலுள்ள கனெக்டர்களும் சேர்ந்துவிடும், மென்பொருள் அவற்றையும் உருவங்களாக எண்ணிப் பகிரப் பார்க்கும். ஷிப்டை அழுத்திக்கொண்டு பெட்டிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். பெட்டிகள் நகர்ந்தால் கனெக்டர்கள் தாமே வந்துவிடும்.

தமிழ் எழுத்து

பழைய கோப்பில் பெயர்களில் பாதி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டியவை. என் கணினியில் அந்த எழுத்துரு இல்லை, எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தது. யூனிகோடில் புதிதாகத் தட்டினேன், அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

எழுத்து அளவுதான் சோதித்தது. சுவரில் ஒட்டியதை நின்றபடி படிக்க வேண்டும் என்று பெட்டி ஸ்டைலில் அளவை 18 ஆக்கினேன். மோட்டார் பெட்டியில் ஆங்கிலத்தில் இருந்த எச்.பி. மட்டும் பெரிதானது. பக்கத்திலிருந்த தமிழ் அப்படியே சிறிதாக நின்றது. லிப்ரே ஆஃபிஸ் தமிழைச் சிக்கலான எழுத்தமைப்பு மொழிகளின் வரிசையில் வைத்திருக்கிறது. அவற்றுக்கு எழுத்துருவும் அளவும் தனிப் பகுதியில் இருக்கின்றன. மேற்கத்திய எழுத்துக்கு என்று இருக்கும் இடத்தில் எத்தனை முறை மாற்றினாலும் தமிழுக்குத் தெரியாது. இரண்டு பகுதியிலும் 18 கொடுத்த பிறகே சீரானது. தமிழில் படம் வரையும் ஒவ்வொருவரும் இங்கே ஒரு மாலையாவது இழந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எழுத்து வளர்ந்ததும் பெட்டிகளும் வளர்ந்தன. எழுத்துக்கு ஏற்ப உருவம் விரியட்டும் என்ற தேர்வு இயங்கிக்கொண்டிருந்தது. ‘மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி’ இரண்டாம் வரிக்கு இறங்க, அந்தப் பெட்டி மட்டும் உயரம் கூடி வரிசை கெட்டது. தமிழ்ப் பெயர்கள் நீளமானவை. அதற்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் பெட்டி வரைய வேண்டும். அந்தத் தேர்வை எடுத்துவிட்டு, எஃப்4 அழுத்தி எல்லாப் பெட்டிக்கும் ஒரே உயரத்தை எண்ணாகக் கொடுத்தேன். இந்த முறை எந்தக் கோட்டையும் கையால் தொட வேண்டியிருக்கவில்லை. பெட்டி மாறியபோதெல்லாம் கனெக்டர்களும் கூடவே போய் நின்றன.

மோட்டார் அறையில்

அச்சிடும் முன் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஆபரேட்டர் அண்ணனைப் பார்க்கப் போனேன். அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. ஏர் வால்வு எங்க?”

“பழைய படத்துலயே இல்லைண்ணே. எங்க இருக்கு?”

“தொட்டிக்கு ஏறுற பைப்புல, அந்த மேட்டுல. அதுல காத்து அடைச்சுக்கிட்டா மோட்டார் ஓடும், தண்ணி ஏறாது. புது ஆளு வந்தா அதைத்தான் முதல்ல தேடுவான்.”

அங்கேயே உட்கார்ந்து சேர்த்தேன். தொட்டியில் ஒட்டியிருந்த கனெக்டரின் முனையைப் பிடித்துப் புதிய ஏர் வால்வின் இடப்புள்ளிக்கு இழுத்தேன். அதன் வலப்புள்ளியிலிருந்து தொட்டிக்கு ஒரு கனெக்டர். வரிசையிலிருந்தவற்றைத் தேர்ந்தெடுத்து இடைவெளியைப் பகிர்ந்தேன். அவர் டீ குடித்து முடிக்கவில்லை, படம் முடிந்துவிட்டது. பழைய கோப்பில் இதைச் செய்ய எத்தனை கோட்டை இழுக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன், பதினான்கு.

பிடிஎஃப் ஆக்கி அச்சிட்டு லேமினேட் செய்த தாளைக் கொண்டுபோன அன்று மாற்று ஆளும் வந்திருந்தார். திருத்தக்கூடிய மூலக்கோப்பையும் ஒரு பென்டிரைவில் போட்டு அண்ணனிடம் கொடுத்தேன். பிடிஎஃப் மட்டும் இருந்தால் அடுத்த முறையும் யாராவது முதலிலிருந்து வரைய வேண்டியிருக்கும்.

அண்ணன் மாற்று ஆளைக் கூப்பிட்டு, “மேலத்தெருவுல பைப்பு உடைஞ்சிருச்சு. எதை மூடுவ?” என்றார்.

அவர் மேலத்தெரு என்று எழுதிய பெட்டியில் விரலை வைத்தார். கோட்டின்மேலேயே மெதுவாக மேலே கொண்டுபோனார், கறுப்புப் புள்ளி வரும் முன் வால்வில் வந்து நின்றார். வழியில் எங்கும் விரலை எடுக்கவில்லை.

“ஏழுண்ணே.”

அண்ணன் பழைய தாளைச் சுவரிலிருந்து உரிக்க ஆரம்பித்தார்.